பேச்சு நின்றால் கொக்கி நிற்க வேண்டும்

என் தங்கை புருஷன் நாற்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர். பெரிய கட்டடம் எழும்பும் இடத்தில் டவர் கிரேன் நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு தெரியுமே, அதற்குள் இருக்கும் ஆள். நான் அதே கிரேனுக்குக் கீழே நிற்கிறவன். சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று மேலே சொல்வது என் வேலை. அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாப்பிள்ளை என்பேன். வேலை நேரத்தில் எங்கள் சொந்தம் அந்த மூன்று சொல்லோடு சரி.

சைட்டில் அவருக்குப் பட்டப்பெயர் பெட்டிக்கடை. ஆளைப் பார்த்தால் ஏனென்று கேட்கவே வேண்டாம். கையில் முள் வைத்த கடிகாரம். இடுப்பில் டார்ச். சட்டைப் பையில் பட்டன் போன், அது பேச மட்டும். கால்சட்டைப் பக்கப் பையில் எடைக் கணக்குப் போட ஒரு கால்குலேட்டர். தோள்பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், அவசரத்துக்குக் காலி பாட்டில் ஒன்று. இவ்வளவுக்கும் நடுவே, பழைய துணி சுற்றி, கையகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் புத்தகம் படிக்கலாம். அதைவிட்டால் ஒரு மண்ணும் செய்ய முடியாது. பாட்டு வராது, படம் ஓடாது, யாரும் கூப்பிட முடியாது. ஒருமுறை சார்ஜ் போட்டால் மூன்று வாரம் கிடக்கும்.

"பெட்டிக்கடை, தீப்பெட்டி இருக்கா?" என்று கம்பி கட்டுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"கடை மேல இருக்கு, ஏறி வந்து வாங்கிக்கோ" என்பார். ஏணியில் நூற்றைம்பது படிக்கு மேல். ஒருத்தனும் ஏறமாட்டான்.

கிரேன் வேலையில் பாதி வேலை காத்திருப்பது. கான்கிரீட் வண்டி வராது. காற்று அடங்காது. கீழே எவனாவது வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். அதற்காக இறங்கி ஏறினால் முட்டி கழன்றுவிடும். ஆகவே அவர் மேலேயே கிடப்பார், கொக்கி சும்மா தொங்கும்போது படிப்பார். முன்னெல்லாம் காகிதப் புத்தகம்தான் கொண்டு போனார். ஒருநாள் கதவைத் திறந்தபோது காற்று ஒரு புத்தகத்தின் கடைசி நாற்பது பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மனுஷன் பக்கத்துக் கட்டடங்களின் மொட்டைமாடி மாடியாக ஏறி இறங்கிப் பதினேழு பக்கம் பொறுக்கிக்கொண்டு வந்தார். கொலை செய்தது யார் என்பது மீதிப் பக்கத்தில் போய்விட்டது என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்க்கச் சகிக்காமல் என் தங்கை பெரிய திரை வைத்த போன் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். நான்கு பக்கமும் கண்ணாடி, உச்சி வெயில். இரண்டே நாளில் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெயில்ல என் மூஞ்சிதான் தெரியுது. அதைப் படிச்சு நான் என்ன பண்ண?" அப்புறம்தான் இந்தச் சாம்பல் பெட்டி, எவரோ பயன்படுத்தி விற்றது. வெயில் அடிக்க அடிக்க அதில் எழுத்து நன்றாகத் தெரியுமாம்.

படித்து வந்த ஆள் இல்லை. எட்டாம் வகுப்பு. என்னைவிட ஒரு வகுப்பு கூட, அவ்வளவுதான். கிரேன் கம்பிக்கு கிரீஸ் பூசும் ஆளாக வந்து சேர்ந்தவர். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று ஒரு அட்டவணை உண்டு. அதைப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்த நாற்காலி கிடையாது. இரண்டு தடவை தேர்வில் தோற்று மூன்றாவது தடவை ஜெயித்தார். லைசென்ஸ் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சுப் பக்கம் வைத்திருப்பார். பதினோரு வருஷமாக ஒரு கீறல் கிடையாது.

இந்த வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. மேலே இருப்பவருக்குச் சுமை தெரியாத இடத்தில் இறக்கும்போது, கீழே நிற்பவன் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கு, இறக்கு, இறக்கு என்று மூச்சு விடாமல். பேச்சு நின்றால் கொக்கி நிற்க வேண்டும். ஏன் நின்றது என்று மேலே இருப்பவர் யோசிக்கக்கூடாது. செத்தானா, தும்மினானா என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இவ்வளவு காலம் வாக்கிடாக்கியில் அப்படித்தான் பேசினோம். செங்கல் மாதிரி ஒரு சாமான், பக்கவாட்டில் ஒரே பட்டன். கையுறை போட்ட கட்டைவிரலுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். கண் சுமையைவிட்டு அசைய வேண்டாம்.

அதைச் சாக்கில் அள்ளிக் கொண்டுபோய்விட்டார்கள். பதிலுக்கு ஆளுக்கொரு பலகை கொடுத்தார்கள். போன் என்று சொன்னார்கள். என் கண்ணுக்குப் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு. வருகைப் பதிவு அதில், வரைபடம் அதில், போட்டோ அதில், பேச்சும் அதில். எல்லாம் ஒன்றிலேயே முடிந்துவிடும் என்று பாதுகாப்பு அதிகாரி பல் தெரியச் சொன்னார். சின்ன வயசு, சட்டை கசங்காத ஆள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று நான் முனகினேன். அவர் காதில் விழவில்லை, அவருடைய பலகை அடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சனியனைப் பற்றி என்னத்தைச் சொல்ல. கையுறையோடு தொட்டால் அதற்கு உணர்ச்சி கிடையாது. ஒவ்வொரு தடவையும் கையுறையைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டும். கம்பிக் கிரீஸும் சிமெண்டும் நாக்கில் ஒட்டும். வியர்வை பட்டால் தானாக எதையாவது திறக்கும். கக்கூஸ் கதவுக்குப் பின்னால் முக்கிக்கொண்டே ஒருத்தன் வீடியோ பார்ப்பான், சிரிப்புச் சத்தம் வரிசையில் நிற்கிற எங்களுக்குக் கேட்கும். வெளியே வந்து அதே பலகையை எச்சில் தொட்டுச் சட்டையில் துடைத்து வாய்க்குக் கிட்டே வைத்து "தூக்கு" என்பான். பார்த்தாலே குமட்டும். போதாததற்கு, பேசுவதற்கென்று கம்பெனி போட்டுக் கொடுத்த ஆப் இலவச வகை. நினைத்த நேரத்தில் விளம்பரம் வந்து திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். மெத்தை விளம்பரம். தூக்கம் வரவில்லையா என்று நடுப்பகலில் என்னைக் கேட்கும்.

எங்களுக்கு மட்டும் இல்லை, மேலே கூண்டுக்கும் ஒரு பலகை கொடுத்தார்கள்.  மாப்பிள்ளை அதைக் கண்ணாடி ஓரம் மாட்டி வைத்தார், சத்தத்தை மட்டும் கேட்டார்.

ஒருநாள் கம்பிக் கட்டு ஒன்றை மூன்றாம் கீழ்த்தளத்துக்கு இறக்கினோம். அவ்வளவு ஆழத்துக்கு அதுதான் முதல் தடவை. நான் அடியில் நிற்கிறேன், மேலே ஒரு அறை அகலத்துக்கு ஓட்டை, அதன் வழியாகக் கட்டு வருகிறது. அவர் கண்ணுக்கு ஓட்டையைத் தாண்டி எதுவும் தெரியாது. நான் பலகையை அமுக்கிக்கொண்டு இறக்கு, இறக்கு என்கிறேன். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டு நின்றுவிட்டது. என் பேச்சு போகவில்லை, அவர் சட்டப்படி நிறுத்திவிட்டார். எனக்கு அது தெரியாது. பலகையில் எல்லாம் போன மாதிரிதான் காட்டியது. நான் இன்னும் இரண்டு தடவை இறக்கு என்றேன். அசையவில்லை. சரி, மேலே ஏதோ வேலை போலிருக்கிறது, இந்த நேரத்தில் அடியில் கட்டை போட்டுவிடலாம் என்று கம்பி கட்டுகிறவர்கள் இருவர் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டுக்குக் கீழே போனார்கள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை.

கட்டு இறங்கத் தொடங்கியது.

நான் நிறுத்து என்று கத்தினேன். பலகையை அமுக்கினால் திரை முழுக்க மெத்தை. மெத்தையை மூடும் பெருக்கல் குறி கடுகளவு. இருவரும் பாய்ந்தார்கள். ஒருத்தருடைய பூட்ஸ் மாட்டிக்கொண்டது. கம்பெனி கொடுத்த பூட்ஸ் ஒரு அளவு பெரிசு, அந்தப் புண்ணியத்தில் கால் உருவிக்கொண்டு வந்தது. இரண்டு விரலில் எலும்பு விரிசல், அதோடு போயிற்று. பூட்ஸைக் கட்டுக்கு அடியிலிருந்து எடுத்தபோது தகடாக இருந்தது. கட்டு கட்டையில் உட்கார்ந்ததும் எடை காட்டும் முள் விழுந்ததைப் பார்த்து மாப்பிள்ளை தானாகவே நிறுத்தியிருக்கிறார். இல்லாவிட்டால் கம்பி மொத்தமும் சரிந்திருக்கும்.

கால்மணி நேரத்தில் பாதுகாப்பு அதிகாரி வந்தார், எங்கள் வாயில் அவர் வெறும் பாதுகாப்பு. மாப்பிள்ளையைக் கீழே இறக்கிப் பையைக் கொட்டச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, இரண்டு பாட்டில், சாம்பல் பெட்டி. பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டார். சொன்னேன். பேசினேன், நின்றது, மறுபடி தானாக இறங்கியது என்றேன். அவர் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பலகையை என் முன்னால் நீட்டினார்.

"கீழ வரைக்கும் தள்ளுங்கண்ணே. அங்க கட்டம் இருக்கும், விரலால கையெழுத்துப் போடுங்க."

தள்ளினேன். எழுத்தெல்லாம் எறும்பு வரிசையாக ஓடியது. அடிபட்டவரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், என் கவனம் அங்கே. விரலால் ஒரு கிறுக்கு கிறுக்கினேன். மண்புழு நெளிந்த மாதிரி விழுந்தது. பரவாயில்லை என்றார்.

மறுநாள் மாப்பிள்ளையை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்கடுத்த நாள் தங்கை கூப்பிட்டாள். குரலில் மரியாதை இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "அண்ணே, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

இரண்டே அறை வீடு. முன்னறையில் அவள் தைக்கும் தலையணை உறைகள் குவிந்து கிடந்தன. கம்பெனியிலிருந்து கடிதம் அவளுடைய போனுக்கு வந்திருந்தது. அதைப் பெரிதாக்கினால் பாதி வரி ஓடிவிடுகிறது, சின்னதாக்கினால் எழுத்து தெரியவில்லை என்று மாப்பிள்ளை கடைக்குப் போய்க் காகிதத்தில் அச்சடித்து வாங்கி வந்திருந்தார். மூன்று தடவை படித்தாராம். நான்காவது தடவையாக எனக்குப் படித்துக் காட்டினார். நிறுத்தி, நிதானமாக. கீழே நின்ற பணியாளரின் வாக்குமூலப்படி, சுமை இறங்கும்போது கிரேன் இயக்குபவர் கூண்டுக்குள் மின்னணுக் கருவியில் படித்துக்கொண்டிருந்ததால் கவனம் சிதறியது. லைசென்ஸை ரத்து செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது. அடியில் என் மண்புழு.

 நான் இப்படிச் சொல்லவே இல்லை என்றேன். தங்கை தையலை நிறுத்தவில்லை. சொல்லாததற்கு எதற்குக் கையெழுத்து என்று மிஷினைப் பார்த்தபடியே கேட்டாள். கூடப் பிறந்தவனே குழி பறித்தால் ஊரானை என்ன சொல்வது என்றாள். பிள்ளையின் பள்ளிக்கூடம், வீடு எல்லாம் அந்த ஓர் அட்டையில்தான் தொங்குகிறது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மாப்பிள்ளை காகிதத்தை மடித்தார். "நான் படிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, மச்சான். அதையும் படிக்காமலே போட்டிருக்கீங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.  என் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. பலகையைக் குறை சொன்னவன் நான், கக்கூஸ்காரனைப் பார்த்துக் குமட்டியவன் நான். கடைசியில் அந்தப் பலகையில் விரலை வைத்து ஒரு குடும்பத்தை அழித்தவனும் நான்தான்.

அவர் கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் எழுதினார். விசாரணை வேண்டும், இன்ஜினியர் அம்மாவும் இருக்க வேண்டும். இன்ஜினியர் அம்மா தலைமுடி நரைத்தவர், அதிகம் பேசமாட்டார். சைட் ஆபீஸ் என்பது தகரப் பெட்டி அறை ஒன்று. மேஜை மேல் சாம்பல் பெட்டி சாட்சிப் பொருளாகக் கிடந்தது. பாதுகாப்பு அதைக் கையில் எடுத்து இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். எழுத்து மாறியது, வேறொன்றும் வரவில்லை.

"இதுல வேற என்ன வரும்?"

"படிக்கறது மட்டும்தாங்க."

"படிக்க மட்டும் ஒரு சாமானா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட அருவருப்பாக இருந்தது. சோறு தின்ன மட்டும் ஒரு வாயா என்று கேட்கிற மாதிரி. அதற்குள் அவர் பலகை இரண்டு தடவை அடித்தது, இரண்டு தடவையும் பார்த்தார்.

நான் எழுந்து, அந்த வாக்குமூலம் என் வாக்கு இல்லை என்றேன். படிக்காமல் போட்டேன், அது என் தப்பு, ஆனால் நான் சொன்னது வேறு என்றேன். பாதுகாப்பு ரொம்பப் பொறுமையாக விளக்கினார். விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் வருமாம், அதில் ஒன்றைத்தான் தொட முடியுமாம். காற்று, கம்பி அறுதல், சுமை கட்டியதில் பிழை, இயக்குபவர் கவனக்குறைவு. பட்டியலில் போன் இல்லை. பெட்டி கிடைத்தது, ஆகவே நான்காவதைத் தொட்டார். தொட்டதும் மீதி வரிகளை அதுவே எழுதிக்கொண்டதாம்.

இன்ஜினியர் அம்மா மாப்பிள்ளையைப் பார்த்து, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றார். பேச்சு நின்றது, நிறுத்தினேன், பிறகு இறக்கு என்று மச்சான் குரல் வந்தது, இறக்கினேன் என்றார். அந்த நேரத்தில் நான் இறக்கு என்று சொல்லவே இல்லை என்றேன். இரண்டு பேரும் சொல்வது சரியாக இருக்க முடியாதே என்றார் அம்மா.

கூண்டிலிருந்து இறக்கி வைத்திருந்த தன் பலகையை மாப்பிள்ளை மேஜை மேல் வைத்தார். "மச்சானை மூணாம் தளத்துக்கு அனுப்புங்கம்மா. என் பலகை இங்க மேஜை மேல இருக்கட்டும்."

நான் படி இறங்கினேன். கட்டு விழுந்த அதே இடத்தில் நின்று, பல்லால் கையுறையைக் கழற்றி, அமுக்கிக்கொண்டு, இறக்கு, இறக்கு, இறக்கு என்று மூன்று தடவை சொன்னேன். போய்விட்டது என்று பச்சையாகக் காட்டியது. திரும்பிப் படியேறினேன். மூன்று தளம், மூச்சு வாங்கியது. தகரக் கதவைத் திறந்து உள்ளே வந்து சுவரோரம் நின்றேன்.

என்னண்ணே, பேசவே இல்லையா என்றார் பாதுகாப்பு.

பேசினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேஜை மேல் கிடந்த பலகை பேசியது. "இறக்கு. இறக்கு. இறக்கு." என் குரல். நான் வாயை மூடிக்கொண்டு அவர்கள் எதிரில் நிற்கிறேன், என் குரல் மேஜையிலிருந்து வருகிறது. செத்தவன் பேசுகிற மாதிரி இருந்தது.  பள்ளத்தில் சிக்னல் இல்லாதபோது அந்தச் சனியன் பேச்சை விழுங்கி வைத்துக்கொண்டு, கிடைத்தபோது கக்கியிருக்கிறது.

 இன்ஜினியர் அம்மா பலகையைக் கவிழ்த்து வைத்தார். அன்று அடியில் இரண்டு ஆள் நின்றார்கள் இல்லையா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அனுப்பிய வாக்குமூலத்தைத் திரும்ப எடுக்க ஆப்பில் வழியில்லை என்றார் பாதுகாப்பு. அப்படியானால் காகிதத்தில் எழுதுங்கள், நான் கொண்டுபோகிறேன் என்றார் அம்மா. நான்தான் எழுதினேன், என் கையால். ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆட்கள் அடியில் போனபோது நான் தடுக்கவில்லை என்பதையும் எழுதினேன். எழுதியதை நானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். பிறகு மாப்பிள்ளை படித்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வர வேண்டியதுதான்.

லைசென்ஸ் பிழைத்தது. ஒன்பது நாள் கழித்து அவர் ஏணி ஏறினார். கீழே தெரியாத இடத்துக்கு இறக்கும்போது வாக்கிடாக்கிதான் என்று அம்மா உத்தரவு போட்டு, இரண்டு புதிதாக வாங்கிக் கொடுத்தார். ஆனால் சாம்பல் பெட்டி கூண்டுக்கு ஏறக்கூடாதாம். பாதுகாப்பு அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் கவனம் சிதறுமாம். கூண்டில் அந்தப் பலகை மாத்திரம் இன்னும் மாட்டியிருக்கிறது, வருகைப் பதிவுக்கு. மெத்தை விளம்பரம் காட்டுகிற சாமானுக்கு அனுமதி, அச்சு எழுத்துக்குத் தடை. இதை எந்தக் கடையில் போய்ச் சொல்லி அழுவது.

நேற்று கான்கிரீட் வண்டி இரண்டு மணி நேரம் வரவில்லை. கீழே எல்லாரும் கிடைத்த நிழலில் ஒதுங்கினோம். வாக்கிடாக்கி கரகரத்தது.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"படிக்க ஒண்ணும் இல்ல. உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். முப்பது பேர் இருக்கீங்க, முப்பது பேரும் குனிஞ்சிருக்கீங்க. உச்சந்தலை மட்டும்தான் தெரியுது."

 என் கையிலும் பலகை இருந்தது. எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

"உங்களுக்கு நடுவுல வழுக்கை விழுந்திருக்கு, மச்சான். உங்க தங்கச்சி சொல்லலியா?"

வண்டிச் சத்தம் வாசலில் கேட்டது. வாயை மூடிக்கொண்டு கொக்கியை இறக்குங்கள் என்றேன். இறக்கு, இறக்கு, இறக்கு. மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினேன். கொக்கி அந்தரத்தில் நின்றது.